நாக்கு திரும்பி வரும் நேரம்

கிளாரினெட்டில் ஸ்டக்காட்டோ, அதாவது ஸ்வரங்களைக் குறுக்கித் தனித்தனியாக, வாசிக்கச் சொன்னால் புது மாணவர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தனியாக ஊதி நிறுத்துவார்கள். வயிறு குலுங்கும், தொண்டை அடைக்கும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலே தாளம் நொண்டும்.

காற்று நிற்கக் கூடாது, ரீடின் அதிர்வைத்தான் நாக்கு நிறுத்த வேண்டும் என்பேன். "காத்த நிறுத்தாம சத்தம் எப்படி சார் நிக்கும்?" என்று கேட்பார்கள். குழாயை மூடினாலும் தண்ணீர் உள்ளே முட்டிக்கொண்டுதானே நிற்கிறது!

பயிற்சிக்கு, விரல் எதுவும் வைக்காமல் வருகிற நடு ஜி போதும். நீளமாக ஊதிக்கொண்டே நாக்கின் நுனியை ரீடின் நுனிக்குச் சற்றுக் கீழே மெல்ல வைக்க வேண்டும். சத்தம் நிற்கும், அழுத்தம் அப்படியே இருக்கும். நாக்கை எடுத்தால் ஸ்வரம் தானாகப் பிறக்கும். மெட்ரோனோமை 60இல் வைத்து ஒரு தட்டு சத்தம், ஒரு தட்டு மௌனம். ஸ்வரம் எவ்வளவு குறுகும் என்பது நாக்கு எவ்வளவு சீக்கிரம் ரீடுக்குத் திரும்புகிறது என்பதைப் பொறுத்தது. ஓங்கி அடித்தால் 'டப்' என்ற இரைச்சல்தான் மிஞ்சும்.

நாக்கைப் பழக்க ஆங்கிலப் பாடப்புத்தகம் சொல்லும் அசையை நம் பிள்ளைகள் 'டு' என்று படித்து நாக்கை மேலே மடித்துவிடுகிறார்கள். 'தீ' என்று சொல்லிப் பார்க்கச் சொல்வேன். நாக்கு முன்னே வந்துவிடும்.

தாடை ஆடுகிறதா என்று அறிய மவுத்பீஸையும் பேரலையும் மட்டும் சேர்த்து ஊத வைக்கலாம். பி ஃபிளாட் கிளாரினெட்டில் ஏறக்குறைய எஃப் ஷார்ப் வரும். நாக்கு படும்போதெல்லாம் சுருதி வழுக்கினால் தாடை மெல்லுகிறது என்று பொருள். எதிரே கண்ணாடி வைத்தால் மாணவரே பார்த்துத் திருத்திக்கொள்வார். ரீட் அளவுக்கு மீறிக் கனமாக இருந்தால், பாவம், நாக்கைத் திட்டிப் பயனில்லை.

அடுத்தது விரல்கள். ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைப்பள்ளியில் கற்பித்த டேனியல் பொனாட் வலியுறுத்திய முறையையே நானும் பின்பற்றுகிறேன்: நாக்கு ரீடில் இருக்கும் அந்த மௌனத்திலேயே விரல்கள் அடுத்த ஸ்வரத்துக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். நாக்கு மெதுவாக இருக்கிறது என்று வருகிறவர்கள் பலருக்கு உண்மையில் விரல்தான் பிந்துகிறது. மெதுவான வேகத்தில் இதைப் பார்ப்பது எளிது.

மெண்டல்சனின் 'மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' ஸ்கெர்ட்ஸோவின் வேகமான ஸ்டக்காட்டோவைக் கேட்டுவிட்டு, அடுத்த வாரமே வாசிக்க ஆசைப்படுவார்கள். நான் எடுத்துக்கொடுப்பது 1936இல் புரோகோஃபியெவ் எழுதிய 'பீட்டரும் ஓநாயும்'. அதில் பூனையாக வருவது கிளாரினெட். கீழ் ஸ்தாயியில் பதுங்கி நடக்கும் ஸ்டக்காட்டோ. அவசரப்பட்டால் பூனை ஓடிவிடும் என்பதால் பிள்ளைகளே நிதானமாக வாசிக்கிறார்கள்.