கனமான கத்திதான் நன்றாக வெட்டுமா?

நம்பிக்கை: கத்தி எவ்வளவு கனமோ அவ்வளவு வெட்டும்.

பாதி உண்மை என்பதால்தான் இது இன்னும் சாகாமல் இருக்கிறது. வேகம் மாறாமல் கத்தியின் எடை இரட்டித்தால் வெட்டின் ஆற்றல் 2 மடங்கு. எடை மாறாமல் வேகம் இரட்டித்தால் 4 மடங்கு. ஆனால் ஒன்றரைக் கிலோ இரும்பை நம் கை லேசான கத்தியின் வேகத்தில் இறக்காது. கொஞ்ச நேரத்தில் தோள் சோர்ந்து, ஒரு வெட்டு விழுந்த இடத்தில் மறு வெட்டு விழாது. குழம்பில் பல்லைப் பதம் பார்க்கும் எலும்புத் துணுக்குகளில் பல அப்படித் தெறித்தவை.

நம்பிக்கை: தராசில் ஒரே எடை காட்டினால் இரண்டு கத்தியும் ஒன்றுதான்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மணிக்கட்டிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் 100 கிராம் இரும்பு இருப்பதும் 30 செ.மீ. தூரத்தில் இருப்பதும் தராசுக்கு ஒன்றே. கைக்கு அப்படியல்ல. சுழற்சிக்கான எதிர்ப்பு தூரத்தின் இருமடியில் கூடுவதால், அதே 100 கிராம் முனைப்பக்கம் போனால் 9 மடங்கு அடம் பிடிக்கும். ஓங்கும்போது சிரமம், இறங்கும்போது அதுவே பலம்.

அருவாளுக்குப் பேர்போன சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியின் சரக்கைப் பாருங்கள். பிடியருகே ஒடுங்கி, தலைப்பக்கம் அகன்று, மூக்கு வளைந்திருக்கும். இரும்பு எங்கே வேலை செய்ய வேண்டுமோ அங்கே சேர்த்திருக்கிறார் கொல்லர். (சினிமா அதை ஆளை வெட்டுவதற்கென்றே காட்டிப் பழக்கிவிட்டது. ஊரில் அது தென்னை மட்டைக்கும் கருவேல முள்ளுக்கும் ஆன சாமான்.)

‘நல்ல கத்தி விரல்மேல் பிடியருகே சமமாக நிற்கும்’ என்பதும் அதனால் எல்லாக் கத்திக்கும் பொருந்தாது. வெங்காயம் நறுக்கும் கத்திக்குச் சரி. வெட்டுக்கத்தி அங்கே நின்றால் கட்டையில் இறங்காது.

வெட்டும்போது கை கிண்ணென்று அதிர்ந்தால் வைரம் பாய்ந்த கட்டையைத் திட்டுகிறோம். பல சமயம் குற்றம், அலகில் எந்த இடத்தால் வெட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. ஒவ்வொரு கத்தியிலும் ஓர் இடம் உண்டு. அங்கே அடி விழுந்தால் பிடி துள்ளாது. கண்டுபிடிப்பது எளிது. கை பிடிக்கும் இடத்தில் கத்தியை இரு விரலால் லேசாகப் பற்றித் தொங்கவிடுங்கள். பக்கத்தில் அதே உயரத்திலிருந்து, நூலில் கட்டிய ஒரு நட்டு. இரண்டையும் சேர்த்து மெல்ல ஆட்டுங்கள். இரண்டும் ஒரே கதியில் ஆடும்வரை நூலைக் கூட்டிக் குறைத்தால், நட்டு அலகின் எந்த இடத்துக்கு நேராகத் தொங்குகிறதோ, அதுதான் அந்த இடம். ஊசற்கடிகாரம் பற்றி 1673-இல் எழுதிய நூலில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் விளக்கிய கணக்கு இது. கறிக்கடையில் இதை யாரும் படித்ததில்லை. புளியமரக் கட்டைமேல் அலகின் அதே பகுதி திரும்பத் திரும்ப விழுவதை மட்டும் கவனியுங்கள்.

நம்பிக்கை: கனமான கத்திக்குச் சாணை தேவையில்லை.

மழுங்கிய கனம் நசுக்கும், வழுக்கும். கனம் குறைந்த மழுங்கல் கத்தியைவிட ஆபத்தும் அதிகம்.

நம்பிக்கை: அகலமாக இருந்தால் எலும்பு வெட்டலாம்.

சீனச் சமையலறையில் காய்கறிக் கத்தியும் எலும்புக் கத்தியும் பார்வைக்கு அண்ணன் தம்பி. முதலாவது மெல்லிசு. அதை ஆட்டுக்காலில் போட்டால் வாய் சில்லு சில்லாகப் பெயரும்.

முன்கனம் அதிகமென்று பிடிக்கு இரும்புக் குழாய் மாட்டுவது வீண்வேலை. சமநிலை கைப்பக்கம் நகரும், எடுத்துப் பார்க்க இதமாக இருக்கும். முனையிலுள்ள இரும்பு அப்படியேதான் இருக்கிறது, வீசும் சிரமம் குறையாது. முனைப்பக்க முதுகைத் தேய்த்து எடுப்பதே வழி. சாணைக்காரரிடம் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், சூடேறினால் பதம் போய்விடும்.