உயிர்வேலி நடுவோம்

1990 முதல் இடம்பெயர்ந்து தம்பலகாமம் திரும்பிய பல குடும்பங்களுக்குக் கிணற்றடி மறைப்பே முதல் தேவை. தகரத்துக்குக் காசில்லாவிட்டாலும் கிளிசரியாத் தடி போதும்.

1. அயலவரையும் அழைத்து, எல்லைக்கல் பார்த்துக் கயிறு பிடிப்போம். ஒருவராக நட்ட வேலி வழக்கில் முடியும்.

2. ஐப்பசி மழையோடு, மணிக்கட்டுப் பருமனான, முற்றிய 6 அடித் தடிகளை அடிமுனை சரிவாக வெட்டி, 1 அடி ஆழத்தில், 1½ அடி இடைவெளியில் நட்டு மண்ணை மிதிப்போம்.

3. கிளிசரியா மேலேதான் தழைக்கும். அடியை மறைக்க இடையிடையே ஆடாதோடைக் கம்பு நடுவோம். அதை ஆடு கடிக்காது.

4. வேரூன்றியபின் கிளை வெட்டுவோம். குழை வயலுக்கு நல்ல தழைப்பசளை.

அயலவர் பக்கம் சாயும் கிளையின் குழை அவருக்கே என்று நடும்போதே பேசிக்கொள்வோம். மறைப்பும் கிடைக்கும், உறவும் நிலைக்கும்.