பிரசவ முறையும் பச்சிளங்குழந்தையின் இரத்தச் சர்க்கரையும்

திருப்பதியில் பிரசவப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். நம் சங்கக் குடும்பங்களில் பெரியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ஆபரேஷன் செய்து எடுத்த குழந்தைக்குச் சர்க்கரை குறைந்து விடுமாமே, உண்மையா அம்மா?"

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆந்திராவில் நூற்றுக்கு 42 பிரசவங்களும் தமிழ்நாட்டில் 45 பிரசவங்களும் சிசேரியன். ஆகவே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கருவிலிருக்கும் சிசுவுக்கு நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் இரத்தத்திலிருந்து குளுக்கோஸ் ஓயாமல் வருகிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் அந்த வரத்து நின்றுவிடும். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சர்க்கரை இறங்கும். பிறகு ஈரலில் சேமித்த கிளைக்கோஜன் கரைந்து, அளவு மெல்ல ஏறும். இது இயற்கையே. நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த குழந்தை இதைத் தாங்கிக்கொள்ளும்.

பிரசவ வலியின்போது சிசுவின் உடலிலும் அட்ரினலின், கார்டிசால் போன்ற சுரப்புகள் பெருகுகின்றன. அவை ஈரலைத் தூண்டிச் சர்க்கரையை வெளிவிடச் செய்கின்றன. எனவே சுகப்பிரசவக் குழந்தைக்குப் பிறந்தவுடன் அளவு சற்றுக் கூடுதலாக இருப்பது வழக்கம். வலி வருமுன் நாள் நட்சத்திரம் பார்த்துச் செய்யும் சிசேரியனில் இத்தூண்டுதல் குறைவு. தாய்க்குக் குளுக்கோஸ் டிரிப் மிகுதியாக ஏற்றினால், சிசுவின் கணையம் இன்சுலினை அதிகம் சுரந்து, பிறந்தபின் சர்க்கரையை மேலும் இறக்கக்கூடும்.

இவற்றைவிடக் கவலைக்குரியது, முதல் பால் தாமதமாவது. "தாய் நன்றாகத் தெளியட்டும்" என்று உறவினர் காத்திருக்க, நான்கைந்து மணி நேரம் பால் காணாத குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். சோர்ந்து கிடந்த குழந்தையைச் "சமர்த்தாகத் தூங்குகிறது" என்று மெச்சினார்கள். கடுமையான சர்க்கரைக் குறைவு நீடித்தால் மூளையே பாதிக்கப்படலாம்.

நடுக்கம், சோர்வு, பால் குடிக்க மறுத்தல், உடல் சில்லிடல், வலிப்பு, மூச்சு தடைப்படுதல் ஆகியவை அபாய அறிகுறிகள். உடனே செவிலியரை அழையுங்கள். குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தால் அளவு தெரிந்துவிடும். நீரிழிவுள்ள தாயின் குழந்தை, குறைமாதக் குழந்தை, எடை மிகக் குறைந்த அல்லது மிகுந்த குழந்தை ஆகியோருக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் சோதனை வேண்டும்.

பெரும்பாலான சிசேரியன்கள் முதுகில் ஊசி போட்டு, தாய் விழித்திருக்கவே நடக்கின்றன. அவள் படுத்தபடியே, பிறர் துணையோடு ஒரு மணி நேரத்துக்குள் பால் தரலாம். குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வையுங்கள். உடல் சூடு காக்கப்பட்டால் சர்க்கரையும் வீணாகாது. தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். இங்கே தெலுங்கில் முர்ருபாலு என்று சொல்லும் சீம்பால் சில சொட்டுகளே ஆனாலும் அதுவே முதல் உணவு.

மகளையோ மருமகளையோ பிரசவத்துக்குச் சேர்க்கும் அன்றே, "ஆபரேஷன் ஆனால் முதல் பால் எப்போது, யார் உதவியோடு?" என்று மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.