மயக்க ஊசியா, தொண்டை மருந்தா? மலையிறங்கும் முன் ஒரு கணக்கு

நம்பிக்கைகளும் உண்மைகளும்

நெஞ்செரிச்சல் மாதக்கணக்கில் விடவில்லை. அல்லது காரணம் தெரியாமல் ரத்தம் குறைந்துகொண்டே போகிறது. மருத்துவர் சீட்டில் 'எண்டோஸ்கோப்பி' என்று எழுதிவிடுகிறார். மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர்க்காரருக்குப் பெரும்பாலும் அது மலையிறங்கச் சொல்லும் சீட்டு. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அடுக்கம்பாறையில் இருக்கும் வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி, சி.எம்.சி. என்று எங்கே போவதானாலும் ஒரு நாள் கூலி போகும். ஆனால் பயணத்தைவிடப் பெரிய தடை ஊர்ப்பேச்சு. "மயக்க ஊசி கேட்டு வாங்கிக்கோ, இல்லன்னா தாங்கமாட்டே" என்பார் ஒருவர். "ஊசி மட்டும் வேணவே வேணாம், எழுந்திருக்காமலே போயிடுவே" என்பார் அடுத்த வீட்டுக்காரர். இரண்டையும் கேட்டவர் சீட்டை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடுகிறார்.

வாய் வழியாக இரைப்பையைப் பார்க்கும் சோதனையைச் சுற்றி உலவும் பேச்சுகளில் எது சரி, எது சரியில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: "ட்யூப் தொண்டையில இறங்கினா மூச்சு அடைச்சுக்கும்."

உண்மை: மூச்சுக்குழல் வேறு, உணவுக்குழல் வேறு. ட்யூப் போவது உணவுக்குழலுக்குள். சோதனை முழுக்க மூக்கு வழியாக மூச்சு வந்து போய்க்கொண்டுதான் இருக்கும். ட்யூபின் பருமன் சுமார் 9 முதல் 10 மில்லிமீட்டர். அன்றாடம் விழுங்கும் சோற்றுக் கவளம் இதைவிடப் பெரியது. நோயைப் பார்ப்பதற்கு மட்டும் செய்யும் சோதனை பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடத்தில் முடிந்துவிடும்.

அப்படியானால் ட்யூப் இறங்கும்போது வரும் ஓங்கரிப்பு? அது நிஜம். தொண்டையின் பின்பக்கத்தை எது தொட்டாலும் உடல் அதை வெளியே தள்ளப் பார்க்கும். அதை மூச்சுத் திணறலாக நினைத்துப் பதறினால் ஓங்கரிப்பு இன்னும் கூடும். ட்யூப் தொண்டை வளைவைத் தாண்டும் சில நொடிகள்தான் கடினம். அதற்குப் பிறகு வயிறு உப்பினாற்போல இருக்கும், ஏப்பம் வரும். உள்ளே காற்று செலுத்தி இரைப்பையை விரித்துப் பார்ப்பதால் வருவது அது.

இந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1868-ல் ஜெர்மனியின் அடால்ஃப் குஸ்மால் முதன்முதலாக இரைப்பைக்குள் பார்க்க முயன்றபோது கையில் இருந்தது வளையாத நேர்க்குழாய். அதைத் தாங்குவதற்கு வித்தை காட்டி வாள் விழுங்கும் ஒருவரைத் தேட வேண்டியிருந்தது. வளையும் கண்ணாடி இழைகள் வழியாகப் படத்தைக் கடத்தலாம் என்று 1954-ல் ஹாப்கின்ஸும் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் எழுதினார்கள். அதைப் படித்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ் வளையும் கருவியை உருவாக்கி, 1957-ல் முதலில் தன் தொண்டைக்குள்ளேயே விட்டுப் பார்த்தார். நோயாளிக்கு அதன் பிறகுதான். இன்று இருப்பது நுனியில் கேமரா வைத்த, மருத்துவர் கைக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும் ட்யூப்.

நம்பிக்கை: "ஊசி போடாம செய்யறது இல்லாதப்பட்டவங்களுக்குச் செய்யற வைத்தியம்."

உண்மை: ஊசி போடுவதும் போடாததும் நாட்டுக்கு நாடு மாறும் வழக்கம். அமெரிக்காவில் பெரும்பாலும் மயக்க மருந்தோடு செய்கிறார்கள். பிரிட்டனில் தொண்டை மருந்தா, ஊசியா என்று நோயாளியையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். இந்தியாவில் அரசு மருத்துவமனைகளில் மட்டுமல்ல, தனியார் மருத்துவமனைகளிலும் ஏராளமான சோதனைகள் தொண்டை மருந்தோடு மட்டுமே நடக்கின்றன.

அந்த மருந்து லிக்னோகெய்ன். பல் பிடுங்கும் முன் ஈறில் போடும் ஊசியிலும் இதுதான் இருக்கிறது. தொண்டையில் ஸ்பிரேயாக அடிப்பார்கள், அல்லது கூழ் போன்ற கசப்பு மருந்தை வாயில் வைத்திருந்து விழுங்கச் சொல்வார்கள். தொண்டை தடித்து, எச்சில் விழுங்க முடியாததுபோல் தோன்றும். விழுங்க முடியும், உணர்ச்சிதான் மரத்திருக்கும். பல் மருத்துவரிடம் அந்த ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனது உண்டென்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இதில் ஆதாயமும் இருக்கிறது. மூச்சையோ ரத்த அழுத்தத்தையோ தாழ்த்தும் மருந்து உடலில் ஏறுவதில்லை. முடிந்த கையோடு மருத்துவர் சொல்வது தெளிவாகப் புரியும். அன்றைக்கே பேருந்து ஏறலாம். அதற்காக எல்லோரும் இப்படித்தான் செய்துகொள்ள வேண்டும் என்றில்லை. மிகவும் பதறுகிறவர், முன்பு ஒருமுறை தாங்க முடியாமல் பாதியில் நிறுத்தியவர் ஆகியோருக்கு ஊசி நியாயமான தேர்வு. சுருங்கிய உணவுக்குழலை விரிப்பது, பித்தநாளக் கல் எடுப்பது போன்ற நீண்ட சிகிச்சைகளுக்கும், குழந்தைகளுக்கும் மயக்கம் பெரும்பாலும் தேவைப்படும். ஊசி கேட்பவர் கோழையும் அல்ல, வேண்டாமென்பவர் வீரரும் அல்ல.

நம்பிக்கை: "மயக்க ஊசின்னா ஆபரேஷன் மயக்கம். எழுந்திருப்போமோ மாட்டோமோ."

உண்மை: மயக்கத்தில் படிகள் உண்டு. இந்தச் சோதனைக்கு வழக்கமாகப் போடும் மிடசோலம் முதல் படி. ஒரு சில மில்லிகிராம் நரம்பில் ஏறியதும் பதற்றம் தணியும், கண் சொருகும். கூப்பிட்டால் காதில் விழும், "திரும்பிப் படுங்க" என்றால் திரும்புவார். பலருக்கு நடந்தது எதுவும் பிறகு நினைவிருக்காது. அதனால்தான் "நான் தூங்கிட்டேன்" என்று ஊரில் வந்து சொல்கிறார்கள். சில சமயம் கூடவே ஃபென்டனில் என்ற வலிமருந்தும் கொடுப்பார்கள். இரண்டுக்கும் முறிவு மருந்து உண்டு.

அடுத்த படி புரோபோஃபால். பால்போல் வெள்ளையான மருந்து. ஒரு நிமிடத்துக்குள் ஆழ்ந்த தூக்கம். நிறுத்தினால் சில நிமிடங்களில் விழிப்பு. இதற்கு முறிவு மருந்து கிடையாது. மயக்கவியல் மருத்துவர் பக்கத்திலேயே இருந்து, மூச்சையும் நாடியையும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

"மைக்கேல் ஜாக்சனைக் கொன்ற மருந்தாச்சே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதே மருந்துதான். 2009-ல் அவருக்கு அது வீட்டில், வெறும் தூக்கத்துக்காக, மூச்சைக் கண்காணிக்க வேண்டிய கருவிகள் இல்லாமல் கொடுக்கப்பட்டது. கொடுத்த மருத்துவர் 2011-ல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. மருந்தின் பெயரைக் கேட்டுப் பயப்படுவதைவிட, "பக்கத்தில் யார் இருப்பார்கள்? என்ன கருவி வைத்துப் பார்ப்பார்கள்?" என்று கேட்பது பயன் தரும்.

இன்னொரு பயம், ஊசி போட்டால் வாய் உளறி வீட்டு விஷயமெல்லாம் வெளியே வந்துவிடும் என்பது. சோதனையின்போது பற்களுக்கு நடுவே ஒரு வளையம் இருக்கும்; பேசவே வராது. முடிந்த பிறகு இரண்டு வார்த்தை குழறினாலும், மனதில் இருப்பதைக் கறந்தெடுக்கும் சக்தி எந்த மயக்க மருந்துக்கும் கிடையாது.

நம்பிக்கை: "காசு கொஞ்சம் கூடக் கொடுத்து முழு மயக்கம் வாங்கிட்டா ஒரு கவலையும் இல்ல."

உண்மை: மயக்கம் ஆழமாக ஆக, மூச்சு தளரும் வாய்ப்பும் கூடும். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு, முறையான கண்காணிப்போடு கொடுத்தால் பெரிய சிக்கல் அரிது. ஆனால் சிலருக்குக் கணக்கு வேறு: உடல் பருமனோடு உரத்த குறட்டை உள்ளவர், தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பவர், ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், இதய நோய் உள்ளவர், கர்ப்பிணி. ஈரல் சுருங்கியவருக்கு மிடசோலம் போன்ற மருந்து மெதுவாகவே கரையும். சித்தம் குழம்பவும் கூடும்.

தினமும் குடிப்பவருக்கு வழக்கமான அளவு ஊசி வேலை செய்யாமல் போகலாம். அளவைக் கூட்டினால் ஆபத்தும் கூடும். வீட்டுக்காரம்மா பக்கத்தில் நிற்கும்போது இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தால், அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டாவது மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆடும் பல், கழற்றும் பல்செட், ரத்தம் உறையாமல் இருக்கத் தின்னும் மாத்திரை, நாட்டு மருந்து எதையும் மறைக்க வேண்டாம்.

நம்பிக்கை: "சதை எடுக்கப்போறாங்களாம். அதுக்காவது மயக்கம் வேணும்."

உண்மை: இரைப்பையின் உட்தோலைக் கிள்ளினால் வலி தெரியாது. இரைப்பைப் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கிறதா என்று பார்க்கவும் சதை எடுப்பார்கள். எடுத்தாலே புற்றுநோய் என்று முடிவுகட்ட வேண்டாம்.

நம்பிக்கை: "வழியில ஒரு டீ குடிச்சா என்ன ஆயிடும்?"

உண்மை: மலைக்காரர்களின் சோதனை தள்ளிப்போக இந்த டீ போதும். விடியற்காலையில் பேருந்து ஏறி, போளூரில் இறங்கும்போது வயிறு காந்தும், கடை எதிரிலேயே இருக்கும். ஆனால் பால் கலந்தது எதுவும் உணவுக் கணக்கில்தான் சேரும். கடைசியாகச் சாப்பிட்டு 6 முதல் 8 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். வெறும் தண்ணீரைப் பல இடங்களில் 2 மணி நேரத்துக்கு முன்வரை அனுமதிக்கிறார்கள். போகும் மருத்துவமனையில் சொன்னதே முடிவு. வயிற்றில் உணவு இருந்தால் பார்வை மறையும். மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம். பெரிய ஆபத்து அதுதான். சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு கிளம்பக் கூடாது; என்ன செய்வதென்று முன்பே கேட்டு, காலையில் முதல் ஆட்களில் ஒருவராகப் பெயர் எழுதச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: "சாயங்காலம் தெளிஞ்சிடும். வண்டியை எடுத்துக்கிட்டு நானே மலை ஏறிடுவேன்."

உண்மை: மயக்க ஊசியின் மிச்சம், தெளிந்துவிட்டதாகத் தோன்றிய பிறகும் உடலில் இருக்கும். நடப்பார், பேசுவார், டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணிக் கொடுப்பார். ஆனால் திடீரென்று ஒரு மாடு குறுக்கே வந்தால் பிரேக்குக்குக் கால் போகும் வேகம் குறைந்திருக்கும். 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டாதே, எந்திரத்தைத் தொடாதே, பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே, தனியாக இருக்காதே, குடிக்காதே என்று சொல்வது இதனால்தான்.

சமவெளியில் இந்த விதியை மீறினாலே ஆபத்து. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் சுமார் 40 கிலோமீட்டர். அதில் கொண்டை ஊசி வளைவுகளும் காடும் உண்டு. அங்கே சறுக்கினால் ஆள் வந்து பார்க்கவே நேரமாகும். பேருந்தை விட்டு இறங்கியும் குக்கிராமத்துக்கு நடக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ஊசி என்று முடிவானால் கூடவே இரண்டு ஏற்பாடு வேண்டும்: வீடுவரை கூட வரும் பெரிய ஆள் ஒருவர், கடைசி பேருந்து தவறினால் கீழேயே தங்க ஓர் இடம். ஆள் கூட வராவிட்டால் ஊசி போட மறுக்கும் மருத்துவமனைகள் உண்டு. அவர்கள் மறுப்பது சரி.

தொண்டை மருந்து மட்டும் என்றால் இந்தத் தடைகள் இல்லை. மரப்பு போகும்வரை, அரை மணி முதல் ஒரு மணி நேரம், ஒன்றும் சாப்பிடாமல் இருந்து, பிறகு ஒரு மிடறு தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டு ஆறிய கஞ்சி குடிக்கலாம்.

தேர்வை எப்படிச் செய்வது?

வெறும் வயிற்றோடும், துணைக்கு ஓர் ஆளோடும் போங்கள். அப்போது இரண்டு வழியும் திறந்திருக்கும். முதலில் தொண்டை மருந்தோடு முயன்று பார்க்கலாம், முடியாவிட்டால் ஊசிக்கு மாறலாமா என்று மேசையில் ஏறும் முன்பே கேட்டுவையுங்கள். கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும் என்றும் பேசி வைத்துக்கொள்ளலாம். சோதனையின்போது இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, கண்ணைத் திறந்து சுவரில் ஓர் இடத்தைப் பார்த்தபடி, மூக்கு வழியாக நிதானமாக மூச்சு விடுங்கள். எச்சிலை விழுங்க வேண்டாம். வழியட்டும், துடைக்க ஆள் இருக்கிறார்கள்.

வீடு திரும்பிய பிறகு கடும் நெஞ்சுவலி, வயிற்றுவலி, காய்ச்சல், ரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம் என்று எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். இவை மிக அரிது. ஆனால் மலையில் இருப்பவருக்கு மருத்துவமனை போய்ச் சேர நேரம் கூடுதலாகத் தேவைப்படும்.

ஊசியா, தொண்டை மருந்தா என்பதில் தவறான விடை பெரும்பாலும் கிடையாது. விழுங்கும்போது அடைப்பு, காரணமில்லாத எடைக் குறைவு, கறுத்த மலம், ரத்தசோகை என்று ஏதாவது இருந்தும் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் விட்டுவைப்பதுதான் தவறு. புண்ணோ கட்டியோ, நாம் முடிவெடுக்கும்வரை அது காத்திருக்காது.