உஷ்ணத்தில் ஓய்வும் உழைப்பும்

1774-ஆம் ஆண்டில், லண்டன் மாநகரில், சார்லஸ் பிளாக்டன் என்னும் வைத்தியர் நண்பர் சிலருடன் அனல் மூட்டிய ஓர் அறையினுள் நுழைந்தார். வெப்பமானி பாரன்ஹீட் அளவில் 260 டிகிரி வரை காட்டிற்று. தண்ணீர் கொதிப்பதற்கு 212 டிகிரியே போதும். அவ்வறையில் வைத்த முட்டைகள் சுமார் இருபது நிமிஷத்தில் கெட்டியாக வெந்தன. பிளாக்டனோ சில நிமிஷம் உள்ளே நின்று, யாதொரு தீங்குமின்றி வெளிவந்தார். முட்டையை வேகவைத்த உஷ்ணம் மனிதனை விட்டதேன்?

காற்று உலர்ந்திருந்தது, வியர்வை உடனுக்குடன் ஆவியாயிற்று. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகுங்கால் ஏறக்குறைய 580 கிலோகலோரி உஷ்ணத்தைத் தேகத்தினின்று கொண்டுசெல்லும். ஆவியாகுங்கால் என்பதை வாசகர் கவனித்தல் வேண்டும். தரையில் சொட்டும் வியர்வையால் நீர் நஷ்டமேயன்றி லாபமில்லை. நம் மொழியில் வெயில் வேறு, புழுக்கம் வேறு என்று பெயரிட்டிருப்பது வீண் அன்று. குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி அவ்வேற்றுமையை எண்ணாகவே காட்டிவிடும்.

இவ் ஈரக்குமிழ் அளவின் சிறப்பை நன்கு விளக்கியவர் ஹால்டேன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர். 1905-இல் அவர் வெளியிட்ட முடிவு இது: அசையாத காற்றில் ஈரக்குமிழ் செண்டிகிரேட் அளவில் சுமார் 31 டிகிரியைக் கடந்தால், சாதாரண மனிதர் அங்கே நெடுநேரம் சும்மா இருத்தலும் இயலாது. இடைவிடாத கடும் உழைப்புக்கோ எல்லை 25.5 டிகிரியிலேயே வந்துவிடுகிறது.

ஓய்விலிருப்பவன் உடலில் மணிக்கு எழுபது எண்பது கிலோகலோரி உஷ்ணமே பிறக்கும். மண் வெட்டுபவன் தசைகளோ, செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே வேலையாக்குகின்றன. எஞ்சியது முழுதும் உஷ்ணம். அவ்வுஷ்ணத்தைச் சருமத்துக்குச் சுமந்து செல்வது இரத்தம். பிராணவாயுவுக்காகத் தசைகள் கேட்பதும் அதே இரத்தத்தையே. ஓய்வில் குடலும் சிறுநீரகமும் தம் பங்கைக் குறைத்துக்கொண்டு சருமத்துக்கு வழிவிடும். உழைப்பில் அஃது போதாது. வியர்வையால் இரத்தத்தின் நீரும் குறைந்துகொண்டே வருதலின், இருதயம் விரைந்து துடித்து ஈடுசெய்யப் பார்க்கிறது. அதுவும் இயலாதபோது சருமத்தின் பங்கு சுருங்கும், உள்ளுஷ்ணம் 40 டிகிரியைத் தாண்டும், அறிவு தடுமாறும். நிழலில் அமர்ந்து வேலை வாங்குபவர் தம் சுகத்தை வைத்து வேலையாளின் நிலையை அளப்பது எத்துணைப் பிழை!

பழக்கம் உதவுமோ எனின், உதவும். ஒன்றிரண்டு வாரம் வெப்பத்தில் படிப்படியாக உழைத்தவனுக்கு வியர்வை சீக்கிரமே தொடங்கும், மிகுதியாகவும் சுரக்கும், அதில் உப்புக் குறையும், நாடியும் நிதானப்படும். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் புதிய ஆட்களை இவ்வாறு பழக்கியே ஆழத்துக்கு அனுப்பினர். முதல் சில நாட்களே மிகுந்த அபாயம் உடையவை. நோயுற்று விடுமுறை கழித்துத் திரும்புபவனும் இவ்விஷயத்தில் புதியவனே.

2010-இல் அறிஞர் சிலர், கணக்கிட்டு, 35 டிகிரி ஈரக்குமிழ் அளவே மனிதன் தாங்கும் எல்லை என்றனர். 2022-இல் பென்சில்வேனியாவில் ஆரோக்கியமுள்ள இளைஞர்களை ஈரமும் வெம்மையும் நிறைந்த அறையில் இலேசாக இயங்கச் செய்து பார்த்தபோது, சுமார் 31 டிகிரியிலேயே அவர்தம் உள்ளுஷ்ணம் நில்லாது ஏறத் தொடங்கிற்று. அவர்கள் வீட்டு வேலையளவே அசைந்தனர், ஒருவரும் கல்லுடைக்கவில்லை.