முதலில் சர்க்கரை இல்லாமல் பார்

அன்புள்ள தங்கச்சி,

சர்க்கரையை வெட்டும் பக்டீரியா நொதியம் ஒன்றை, அது வெட்டும் சர்க்கரையான லக்டோஸோடு சேர்த்துப் பளிங்காக்குவதுதான் உன் முதல் ஆய்வு என்று எழுதியிருக்கிறாய். உங்கள் ஊர் பெல்மதுளையில் பளிங்கு என்றால் இரத்தினக்கல் வியாபாரம்தான் எல்லோருக்கும் நினைவு வரும். நீ வளர்க்கப்போவதோ ஏறக்குறையப் பாதி தண்ணீரான, தொட்டால் நொறுங்கும் சாதி.

பளிங்கு வளர்வது ஒரு பாடு என்றால், உள்ளே சர்க்கரையை நிறுத்திவைப்பது பெரும்பாடு. லக்டோஸைக் கொடுத்தால் நீ எக்ஸ் கதிரைப் பாய்ச்சுவதற்குள் நொதியம் வெட்டித் தள்ளிவிடும். இதை எப்படி மடக்கினார்கள் என்று அறிய, ஈ. கோலையின் பீற்றா கலக்டோசிடேஸைப் படி. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பிரையன் மத்தியூஸ் குழு 1994இல் அதன் கட்டமைப்பை வெளியிட்டது. நான்கு சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் 1,023 அமினோ அமிலங்கள். லக்டோஸோடு கூடிய படத்தை அதே குழு 2001இல் வெளியிட்டது. சர்க்கரையைத் தாக்குவது 537ஆம் இடத்துக் குளூட்டமிக் அமிலம். அதைக் குளூட்டமீனாக மாற்றினார்கள். உருவம் அப்படியே இருந்தது, வெட்டும் வலு போய்விட்டது. லக்டோஸ் முழுதாகச் சிக்கியது. ஆனால் அது நொதியத்தின் வெட்டும் குழியின் மேல்பகுதியில், 999ஆம் இடத்து டிரிப்டோபேனை ஒட்டிக் கிடந்தது. புளோரின் சேர்த்த சர்க்கரையால் பாதி வேலையில் பிடித்த இன்னொரு படத்தில்தான், சர்க்கரை ஆழத்துக்கு இறங்கித் திரும்புவது தெரிந்தது. எனக்கு இந்த இரண்டாவது படம்தான் பெரிது.

ஒற்றைப் படத்தை நம்பி உட்காராதே. கோழி முட்டை லைசோசைமின் கட்டமைப்பு 1965இல் வந்தது. அதிலிருந்து டேவிட் பிலிப்ஸ் ஊகித்த வெட்டும் முறையைப் பாடநூல்கள் முப்பது வருடத்துக்கு மேல் சொல்லிக்கொடுத்தன. ஆனால் சர்க்கரை நொதியத்தோடு நேராகப் பிணைகிறது என்று விஞ்ஞானி கோஷ்லண்ட் 1953இலேயே சொன்னதுதான் சரி என்பதை 2001இல் இன்னொரு பளிங்கு காட்டியது.

இனி உன் மேசைக்கு வருகிறேன். உங்கள் ஊர்க் கல் வியாபாரி டார்ச் அடித்து முதலில் குறையைத்தான் தேடுவார். நீயும் அப்படிப் பார். எக்ஸ் கதிர் தரும் இலத்திரன் அடர்த்திப் படத்தில் ஒரு மேடு தெரிந்ததும் லக்டோஸைக் கொண்டுபோய்ப் பொருத்த மனம் துடிக்கும். பளிங்கை உறையவைக்க நீ சேர்த்த கிளிசரோலும் அதே குழியில் வந்து உட்காரும். அதற்கும் ஐதரொட்சைல் கூட்டங்கள் உண்டு, சர்க்கரையின் இடத்தை அது விரும்பும். மேட்டில் வளையம் தெரிகிறதா, வளையம் நாற்காலி வடிவில் நிற்கிறதா, சர்க்கரை அணுக்களின் அதிர்வு பக்கத்து அமினோ அமிலங்களோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேள். புரதச் சங்கிலியின் மடிப்பைச் சோதிக்க, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கூட்டாளிகளும் 1963இல் தந்த வரைபடம் இருக்கிறது. உலகமே அதைத்தான் பார்க்கிறது. ஆனால் உன் சர்க்கரை நிஜமா என்பதை அது சொல்லாது.

பேராசிரியர் அவசரப்படுத்துவார், பரவாயில்லை. எனக்குப் படம் அனுப்பும்போது, லக்டோஸை வைக்காமல் கணித்த அடர்த்திப் படத்தையும் கூடவே அனுப்பு. அதைத்தான் முதலில் திறப்பேன்.

அன்புடன்,
அண்ணன்