காவல் றைபிளுக்கு ஏற்ற குறித்தூரம்

கட்டுகஸ்தோட்டையைச் சூழ்ந்த பகுதிகளில் நெல்வயல்கள் பள்ளத்தாக்குகளில் அமைந்துள்ளன. பிங்கா ஓயாவும் பிற சிற்றாறுகளும் மகாவலி கங்கையை நோக்கி இறங்கும் தாழ்நிலங்களில் நெல்லும், இருமருங்குச் சரிவுகளில் போஞ்சி, கத்தரி, பாகல் முதலிய மரக்கறிகளும் விளைவிக்கப்படுகின்றன. அவற்றுக்கு மேலே வீட்டுத்தோட்டங்களும் வீடுகளும் நெருங்கி நிற்கின்றன. இத்தகைய இடத்தில் பயிர்க்காவலுக்குத் துவக்கு வைத்திருக்கும் கமக்காரர், தமது குண்டு எவ்வளவு தூரத்தில் குறியைத் தொடும் என்பதையும், குறி தவறினால் எங்கே சென்று விழும் என்பதையும் ஐயமின்றி அறிந்திருத்தல் வேண்டும்.

பயிர்க்காவலுக்குப் பெரும்பாலும் பயன்படுவது 12 இலக்கச் சன்னத் துவக்காகும். அதன் சன்னங்கள் பரந்து சென்று விரைவில் வேகம் குறைவன. 0.22 அங்குல றைபிளோ ஒரே குண்டை வெளிவிடுவது. அக்குண்டு ஏறக்குறைய ஒன்றரை மைல் வரை செல்லக்கூடியது. கட்டுகஸ்தோட்டைக்கும் கண்டி நகருக்கும் இடையேயுள்ள தூரத்தில் இது பாதியளவாகும். ஆதலின் சிறிய துவக்கென்று இதனை எளிதாக எண்ணுதல் தவறு.

குண்டு செல்லும் வழி

குழலை விட்டு நீங்கிய கணம் முதலே குண்டு நிலத்தை நோக்கித் தாழ்கிறது. கண்ணிலிருந்து பின்குறி, முன்குறி ஆகியவற்றினூடாகச் செல்லும் பார்வைக்கோடு நேரானது. அது குழலுக்குச் சற்று மேலே அமைந்துள்ளது. குழலைச் சிறிது மேல்நோக்கி அமைப்பதனால் குண்டு முதலில் பார்வைக்கோட்டைக் கடந்து மேலே சென்று, பின்னர் வளைந்து இறங்கி, மீண்டும் அக்கோட்டை வந்தடைகிறது. இரண்டாம் முறை வந்தடையும் இடம் வரையுள்ள தூரமே இங்குக் குறித்தூரம் எனப்படுகிறது. அதனைப் பின்குறியை உயர்த்தியும் தாழ்த்தியும் மாற்றலாம்.

செக்கனுக்கு ஏறக்குறைய 1,230 அடி வேகத்துடன் புறப்படும் 40 கிறெயின் குண்டையும், குழலுக்கு முக்கால் அங்குலம் மேலே குறிகளையும் உடைய றைபிளொன்றை எடுத்துக்கொள்வோம். அதன் குறித்தூரம் 50 யார், அதாவது ஏறக்குறைய 46 மீற்றர், ஆயின் 25 யாரில் குண்டு அரை அங்குலத்துக்கும் குறைவாகவே மேலே படும். 60 யாரில் ஏறக்குறைய 1 அங்குலமும், 75 யாரில் இரண்டரை அங்குலமளவும், 100 யாரில் 7 அங்குலமளவும் கீழே படும்.

தூரம் கூடினால் நன்மை கூடும் என எண்ணி, இதே றைபிளை 100 யாருக்கு அமைத்தால் விளைவு வேறாகும். அப்போது 50 யாரில் குண்டு ஏறக்குறைய மூன்றரை அங்குலம் மேலே செல்லும். சிறு பிராணியின் முதுகுக்கு மேலாகப் பறந்து, அதன் பின்னால் உள்ளதைச் சென்று தாக்கும். 25 யாருக்கு அமைத்தாலோ 50 யாரில் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவும், 75 யாரில் மூன்றரை அங்குலமளவும் தாழும்.

தூரத்தைத் தீர்மானிப்பது வயலே

எனவே, குறித்தூரத்தைத் தேர்வதற்கு முன் வயலை அளத்தல் வேண்டும். காவற்குடிலிலிருந்து விலங்குகள் வழக்கமாக நுழையும் வேலி இடைவெளி, வாய்க்கால் ஓரம், மரக்கறிப் பாத்தி ஆகியவற்றுக்குள்ள தூரங்களை அளந்து, தடிகள் நாட்டி அடையாளமிடுக. கண்மதிப்பை நம்பலாகாது, பள்ளத்தாக்கின் குறுக்கே நோக்கும்போது தூரம் பிழையாகவே தோன்றும். அளந்த தூரங்கள் யாவும் 30 யாருக்கு உட்பட்டனவாயின் 25 யார் குறித்தூரம் போதுமானது. 60 யார் வரை பரந்திருப்பின் 50 யாரே ஏற்றது. அவ்வெல்லைக்குள் குண்டு பார்வைக்கோட்டிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேல் விலகாது. அதற்கு அப்பால் சுடாதிருப்பதே முறை.

மேலுள்ள குடிலிலிருந்து கீழ்நோக்கிச் சுடும்போது குண்டு சற்று மேலே படுதல் உண்டு. 50 யாரில், 30 பாகை சரிவிலும், இவ்வேறுபாடு அரை அங்குலத்தை எட்டாது. ஆகவே இதற்கெனக் குறியை மாற்ற வேண்டியதில்லை.

குறியைச் சரிசெய்யும் முறை

இவ்வேலையை அங்கீகாரம் பெற்ற சுடுகளத்திலேயே செய்தல் வேண்டும். மணல் நிரப்பிய சாக்கின் மீது றைபிளைத் தாங்கி, 50 யாரில் 2 அங்குலக் கறுப்பு வட்டமிட்ட தாளை நிறுத்தி, ஒரே வகைத் தோட்டாக்களால் ஐந்து முறை சுடுக. ஒரு துளையைக் கொண்டு முடிவு செய்யாது, ஐந்து துளைகளின் நடுவிடத்தைக் காண்க. குண்டு எத்திசையில் நகர வேண்டுமோ, அத்திசையிலேயே பின்குறியை நகர்த்துதல் வேண்டும்.

நகர்த்தும் அளவை முத்தொகை விதியால் அறியலாம். இரு குறிகளுக்கும் இடையே 20 அங்குலமும், துளைகள் 2 அங்குலம் தாழ்ந்தும் இருப்பின், 2 ஐ 20 ஆற் பெருக்கி, 50 யாரிலுள்ள 1,800 அங்குலத்தால் வகுக்குக. விடை 0.022 அங்குலம், அதாவது ஏறக்குறைய இரண்டு தபாலட்டைகளின் தடிப்பு. இவ்வளவு சிறிய அசைவே குண்டை 2 அங்குலம் உயர்த்துமாதலால், பின்குறி தளர்ந்திருக்கிறதா என அடிக்கடி பார்த்துக்கொள்வது அவசியம்.

தோட்டா வகையை மாற்றினால் மீண்டும் சோதித்தல் வேண்டும். செக்கனுக்கு 1,050 அடி வேகமுள்ள தோட்டா, 50 யாரில் முன்னதிலும் ஏறக்குறைய ஓர் அங்குலம் தாழப் படும்.

நீர் நின்ற வயல்

குறி எவ்வளவு சரியாயினும் ஓர் ஆபத்து எஞ்சியுள்ளது. நாற்று நட்டு நீர் கட்டிய வயலில் தாழ்ந்த கோணத்தில் படும் குண்டு, நீருள் அமிழாது தெறித்து எழுந்து, எதிர்பாராத திசையில் செல்லக்கூடும். கல்லும் இத்தகையதே. ஆதலின் நீர்ப்பரப்பைக் குண்டைத் தாங்கும் அணையாகக் கொள்ளலாகாது. படிவயலின் உயர்ந்த மண்சுவரோ மேட்டுச் சரிவின் மண்ணோ இலக்கின் பின்னே இருந்தால் மட்டுமே சுடலாம்.

கமக்காரர் நினைவிற் கொள்ள வேண்டியவை

1. அனுமதிப்பத்திரம் இன்றித் துவக்கு வைத்திருத்தல் 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச்சட்டத்தின்படி குற்றமாகும்.

2. எவ்விலங்கைச் சுடலாம் என்பதை முன்கூட்டியே வனசீவராசிகள் அலுவலகத்தில் கேட்டறிக. பாதுகாக்கப்பட்ட விலங்குகளை 1937 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் காக்கிறது.

3. காட்டுப்பன்றிக்கு இந்த றைபிளைப் பயன்படுத்தலாகாது. குண்டு அதனைக் கொல்லாது காயப்படுத்தும்; காயம்பட்ட பன்றி மறுநாள் வயலுக்கு வருவோரைத் தாக்கும்.

4. வயலை அளந்த பின்னரே குறித்தூரத்தைத் தேர்க. நாட்டிய தடிக்கு அப்பால் நிற்கும் விலங்கைச் சுடாது விடுக.

5. இலக்கின் பின்னால் இருப்பது தெரியாத இருளில் விசையைத் தொடாதிருக்க.

ஓர் இரவில் இழந்த பாத்தியை அடுத்த போகத்தில் மீண்டும் நடலாம். எதிர்ச்சரிவில் விளக்கேற்றியிருக்கும் வீட்டை நோக்கிச் சென்ற குண்டை மீட்கும் வழியில்லை.